'ஃபைண்ட்' என்றால் கண்டுபிடித்தல் மட்டுமா?

கொக்காவில் | 2024 பெப்ரவரி 3
ஆங்கில வகுப்பில் பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 'ஃபைண்ட்' என்றால் கண்டுபிடித்தல் என்று ஒற்றைச் சொல்லில் எழுதிக் கொடுக்கிறோம். பிறகு 'ஐ ஃபவுண்ட் த பேப்பர் டிஃபிகல்ட்' என்ற வரியை 'வினாத்தாள் கடினம் எனக் கண்டுபிடித்தேன்' என்று பெயர்க்கிறார்கள். பேனையைத் தேடிக்கொண்டிருக்கிற பிள்ளை 'ஐ ஆம் ஃபைண்டிங் மை பென்' என்கிறது. அகராதியில் உள்ள கருத்துகளையெல்லாம் வரிசையாகக் கொடுத்தால் ஒன்றும் மனதில் நிற்பதில்லை. வில்லங்கம் 'கண்டுபிடி' என்ற மொழிபெயர்ப்பில்தான் இருக்கிறது. அந்தச் சொல்லையே வகுப்பில் சொல்லாமல் விட்டால் என்ன?

மல்லாவி ரீச்சர் | பெப்ரவரி 3, இரவு
சொல் இருக்கட்டும். 'ஃபைண்ட்'டுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கப் பழக்குங்கள். கருத்து அங்கேதான் பிரிகிறது.

ஒரு பொருளோ ஆளோ மட்டும் வந்தால், கிடைத்தது, ஆப்பிட்டது. 'ஐ ஃபவுண்ட் த கீ' என்றால் திறப்பு கிடைத்துவிட்டது. தேடித்தான் கிடைக்க வேண்டும் என்றில்லை. ஏ-9 வீதியோரம் கிடந்த ஐம்பது ரூபாயைத் தற்செயலாகக் கண்டெடுத்தாலும் 'ஃபவுண்ட்' தான்.

ஆளும் பொருளும் அடுத்தடுத்து வந்தால், ஒருவருக்கு ஒன்றைப் பார்த்துக் கொடுத்தல். 'ஷீ ஃபவுண்ட் மீ எ சீற்' என்றால் பஸ்ஸில் எனக்கொரு இடம் பார்த்துத் தந்தாள்.

பொருளும் அதன் நிலையும் வந்தால், போய்ப் பார்த்தபோது இப்படி இருந்தது என்று அர்த்தம். 'வீ ஃபவுண்ட் த வெல் ட்ரை', 'ஐ ஃபவுண்ட் த கேற் லொக்ட்', 'தே ஃபவுண்ட் த கோட்ஸ் ஈட்டிங் த பீன்ஸ்' எல்லாம் இந்த அச்சு. நிலையைச் சொல்லும் சொல் பெயரடையாக இருக்கலாம், செயல் முடிந்த வடிவமாக இருக்கலாம், 'இங்' வடிவமாகவும் இருக்கலாம். நாங்கள் வாயால் சொல்லும்போது 'போய்ப் பாத்தா கிணறு வத்திக் கிடக்குது', 'வந்து பாத்தா கேற் பூட்டிக் கிடக்குது' என்கிறோம். அந்தப் 'பாத்தா'தான் இங்கே 'ஃபவுண்ட்'. வினாத்தாள் வரியும் இதே அச்சுத்தான்: 'எனக்கு வினாத்தாள் கஷ்டமாக இருந்தது.'

'தட்' வந்தால், தெரியவந்தது. 'வீ ஃபவுண்ட் தட் த சீட் பாடி ஹாட் கொட் வெட்': விதைநெல் நனைந்துவிட்டது என்று தெரியவந்தது.

இந்த நான்கு அச்சுக்கும் ஒரு கிழமை கொடுங்கள். வேறெதையும் அதற்குள் கொண்டுவர வேண்டாம்.

மல்லாவி ரீச்சர் | பெப்ரவரி 4
மூன்றாவது அச்சில் ஒரு பள்ளம் இருக்கிறது. நிலைக்குப் பிறகு 'டு' வந்தால், நடுவில் 'இட்' என்ற வெற்றுச் சொல் கட்டாயம் வேண்டும்: 'ஐ ஃபைண்ட் இட் ஹார்ட் டு ஸ்பீக்.' பிள்ளைகள் 'ஐ ஃபைண்ட் ஹார்ட் டு ஸ்பீக்' என்று எழுதுவார்கள். தமிழில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லாததால் விட்டுவிடுகிறார்கள். 'ஃபைண்ட் இட்' இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லவைத்து, பிறகு ஹார்ட், ஈசி, யூஸ்ஃபுல், ஸ்ட்ரேஞ்ச் என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். விதி விளங்கப்படுத்துவதைவிட அது விரைவில் பதியும்.

நெடுங்கேணி | பெப்ரவரி 4
ரீச்சர், உங்கள் இரண்டாவது அச்சும் மூன்றாவது அச்சும் மோதும் இடம் உண்டு. 'தே ஃபவுண்ட் ஹிம் எ குட் வேர்க்கர்.' அவனுக்கு ஒரு நல்ல வேலையாளைப் பார்த்துக் கொடுத்தார்களா, அவனே நல்ல வேலையாள் என்று கண்டுகொண்டார்களா? வரியை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. எழுதும்போது பிரித்து எழுதப் பழக்குவது நல்லது: முதலாவதற்கு 'ஃபவுண்ட் எ குட் வேர்க்கர் ஃபோர் ஹிம்', இரண்டாவதற்கு 'ஃபவுண்ட் ஹிம் டு பி எ குட் வேர்க்கர்'.

கொக்காவில் | பெப்ரவரி 6
'ஐ ஆம் ஃபைண்டிங்' பற்றி ஒருவரும் தொடவில்லை.

மல்லாவி ரீச்சர் | பெப்ரவரி 6
தேடுதல் நீண்டுகொண்டு போகிற வேலை. கிடைத்தல் ஒரு நொடி. தேடுவதற்கு 'லுக் ஃபோர்', கிடைப்பதற்கு 'ஃபைண்ட்'. பிள்ளை தானாகவே சோதித்துப் பார்க்கலாம்: வாக்கியத்துக்குள் 'ஒரு மணித்தியாலமாக' என்பதைச் சேர்த்துப் பார்க்கட்டும். 'ஒரு மணித்தியாலமாகத் தேடினேன்' சரி. 'ஒரு மணித்தியாலமாகக் கிடைத்தது' பொருந்தாது. பொருந்தாத இடத்தில்தான் 'ஃபைண்ட்' வரும். அதனால் ஒரு பேனை விஷயத்தில் 'ஃபைண்டிங்' எழுத இடமே இல்லை.

நெடுங்கேணி | பெப்ரவரி 7
முழுக்கத் தடை போட வேண்டாம். 'ஐ ஆம் ஃபைண்டிங் இட் ஹார்ட்' நல்ல ஆங்கிலம். அங்கே கருத்து கிடைத்தல் அல்ல, உணர்தல். அது நீளும். அதேபோல ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பத் திரும்பக் கிடைத்துக்கொண்டிருந்தால், 'தே ஆர் ஃபைண்டிங் நியூ கேசஸ் எவ்ரி வீக்' என்று டெங்கு அறிக்கையில் வரும். ஒற்றைப் பொருள், ஒற்றைத் தடவை என்றால் மட்டும் 'இங்' ஆகாது.

துணுக்காய் | பெப்ரவரி 9
எங்கட வன்னிப் பேச்சுத் தமிழ் தருகிற தொல்லை தனி. இந்தியப் பாடநூல் பார்த்துக் கற்பிப்பவர்களுக்கு இது பிடிபடாது.

எங்கள் பக்கத்தில் 'நேற்று அவனைச் சந்தையில கண்டனான்' என்றால் பார்த்தேன், சந்தித்தேன் என்று மட்டும்தான். கண்டுபிடித்தலின் பாதிச் சொல் அதில் இருப்பதால் பிள்ளை 'ஐ ஃபவுண்ட் ஹிம் இன் த மார்க்கெற்' என்று எழுதிவிடும். அப்படி எழுதினால் அவன் தொலைந்திருந்தான், அல்லது ஆளைத் தேடிப் போனோம் என்று ஆகிவிடும். 'ஐ சோ ஹிம்' போதும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 'ஆட்டைக் காணேல்லை.' இதைப் பிள்ளைகள் 'ஐ டிட் நொட் சீ த கோட்' என்று பெயர்க்கிறார்கள். அது ஆடு கண்ணில் படவில்லை என்று மட்டும் சொல்லும். எங்கள் 'காணேல்லை'யில் தேடியும் இல்லை என்ற கவலை இருக்கிறது. 'ஐ கான்ற் ஃபைண்ட் த கோட்' என்று வரவேண்டும். 'கான்ற்' அவசியம். 'ஐ டோன்ற் ஃபைண்ட் த கோட்' என்றால் அரைகுறையாக நிற்கும்.

மூன்றாவது, எழுவாய். 'எனக்குத் திறப்பு கிடைச்சிட்டுது', 'திறப்பு ஆப்பிட்டுது' என்று திறப்பைத்தான் நாங்கள் முன்னுக்கு வைக்கிறோம், ஆளுக்குக் 'கு' போடுகிறோம். ஆங்கிலத்தில் ஆள் எழுவாய். இந்தத் திருப்பம் தெரியாத பிள்ளை 'மை கீ கொட்' என்றோ 'ஐ கொட் மை கீ' என்றோ எழுதும். பின்னது பிழையான வாக்கியம் அல்ல. ஆனால் யாரோ கொண்டுவந்து தந்தார்கள் போல இருக்கும், தேடி எடுத்தது தெரியாது. கரும்பலகையில் இரண்டு நிரல் போடுங்கள். இடப்பக்கம் 'எனக்கு … கிடைத்தது', வலப்பக்கம் 'ஐ ஃபவுண்ட் …'. இருபது பொருள் எழுதி மாற்றச் சொல்லுங்கள்.

கொக்காவில் | பெப்ரவரி 9
இதுதான் எனக்குத் தேவைப்பட்டது. 'சோறு காணுமோ?' என்று கேட்கிற காணுமையும் இவர்கள் இதோடு குழப்புவார்களா?

துணுக்காய் | பெப்ரவரி 10
இல்லை. அது 'போதுமா' என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், 'இனஃப்' என்று சரியாகவே போடுகிறார்கள்.

பளை | பெப்ரவரி 13
வகுப்பறையை விட்டு வெளியே வந்தால் இந்த வினைச்சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாத இடம் கண்ணிவெடி அகற்றும் வேலை. முகமாலைப் பக்கம் எத்தனையோ இளம் பெண்கள் அந்த வேலைக்குப் போகிறார்கள். களப் படிவங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். அங்கே ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு வினை.

உலோகங்காட்டி ஒலித்தால் 'டிடெக்ட்'. கருவி உணர்ந்தது ஒரு சமிக்ஞையை மட்டும். அது ஆணியாக இருக்கலாம், வெற்றுத் தோட்டாக் கோதாக இருக்கலாம், செல் சிதறலாக இருக்கலாம். போர் நடந்த மண்ணில் பெரும்பாலான ஒலி இவைதான். செங்கபில மண் உள்ள இடத்தில் மண்ணே ஒலி எழுப்பும். ஆகவே இந்தக் கட்டத்தில் 'டிடெக்டட் எ சிக்னல்' என்றுதான் எழுதலாம். 'டிடெக்டட் எ மைன்' என்று எழுத இன்னும் ஆதாரம் இல்லை.

உலோகங்காட்டியின் தலையைப் பல திசையிலிருந்து கொண்டுவந்து ஒலி மையம் கொள்கிற புள்ளியைக் குறித்தால் 'லொகேட்', அல்லது 'பின்பொயின்ட்'. இடம் தெரிந்துவிட்டது, பொருள் இன்னும் தெரியாது.

பிறகு குறித்த புள்ளிக்குச் சற்றுத் தள்ளித் தோண்டத் தொடங்கி, பக்கவாட்டில் மெல்ல நெருங்குவார்கள். அழுத்தத்தில் வெடிக்கிற மிதிவெடியின் தட்டு மேற்பக்கம் இருப்பதால் மேலிருந்து தொடக்கூடாது. பொருள் கண்ணுக்குத் தெரிந்தபின் 'ஃபவுண்ட்'. அது எந்த வகை என்று சொன்னால் 'ஐடென்டிஃபைட்'.

'டிடெக்ட்' செய்த இடத்திலேயே 'ஃபவுண்ட்' என்று ஒருவர் எழுதிவிட்டால், எடுத்த வெடிகளின் தொகையும் சமிக்ஞைகளின் தொகையும் கலந்துவிடும். மறுபுறம், சமிக்ஞை வந்தும் தோண்டி முடிக்காத புள்ளியை 'ஃபவுண்ட் நதிங்' என்று எழுதிவிட்டால் அது உயிராபத்து. அடுத்த நாள் வருகிறவர் அந்தப் புள்ளி முடிந்தது என்று நினைப்பார்.

நெடுங்கேணி | பெப்ரவரி 13
கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன் 7ஆம் உறுப்புரைப்படி ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்க வேண்டும். முன்பு பதிவில் இல்லாத வெடிநிலம் புதிதாகத் தெரியவந்தால், அவ்வகை அறிக்கைகளில் 'டிஸ்கவர்ட்' என்று வரும். நிலம் எங்கேயும் போகவில்லை, வெடியும் அங்கேயே இருந்தது. அறிவுக்கு வந்ததுதான் புதிது. 'டிஸ்கவர்' என்ற வினையின் கரு அதுதான்.

கொக்காவில் | பெப்ரவரி 15
அப்படியென்றால் 'டிஸ்கவர்', 'இன்வென்ட்' இரண்டுக்கும் கண்டுபிடித்தல் என்றே போடுகிறோமே?

மல்லாவி ரீச்சர் | பெப்ரவரி 15
பொது அறிவுப் புத்தகங்கள் எல்லாம் அப்படித்தான். 1895இல் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார், 1876இல் பெல் தொலைபேசியைக் கண்டுபிடித்தார், 1928இல் பிளெமிங் பெனிசிலினைக் கண்டுபிடித்தார். தமிழில் மூன்றும் ஒரே வினை. ஆங்கிலத்தில் றொன்ட்ஜனும் பிளெமிங்கும் 'டிஸ்கவர்ட்', பெல் மட்டும் 'இன்வென்டட்'. பிள்ளையிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த ஆள் பிறக்காமலே இருந்திருந்தாலும் அந்தப் பொருள் உலகத்தில் இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்றால் 'டிஸ்கவர்'. இருந்திராது, யாராவது செய்துதான் ஆகவேண்டும் என்றால் 'இன்வென்ட்'. தமிழிலேயே முதலாவதைக் 'கண்டறிந்தார்', இரண்டாவதைப் 'புதிதாக ஆக்கினார்' என்று சொல்லிப் பழக்கினால் ஆங்கிலத்தில் பாதிக் குழப்பம் போய்விடும்.

புதுக்குடியிருப்பு | பெப்ரவரி 20
'ஃபைண்ட்', 'ஃபைண்ட் அவுட்' பற்றி எழுத வேண்டும். மனுக்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கிறவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

'ஃபைண்ட் அவுட்' பொருளையோ ஆளையோ எடுக்காது, தகவலைத்தான் எடுக்கும். பின்னால் 'வட்', 'வெயர்', 'வென்', 'வை' வரும், அல்லது 'த ட்ரூத்' போல அறியக்கூடிய ஒன்று வரும். 'ஃபைண்ட் அவுட் மை கீ' தவறு. 'ஃபைண்ட் அவுட் வெயர் மை கீ இஸ்' சரி. ஆளை நடுவில் வைத்து 'தே ஃபவுண்ட் ஹிம் அவுட்' என்றால், அவனுடைய கள்ளம் பிடிபட்டது என்று பொருள் மாறிவிடும்.

இப்போது காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் மனு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்துக்குப் பிறகு எத்தனையோ கடிதங்கள் ஆங்கிலத்தில் போயிருக்கின்றன. ஒரு தாய் 'என்ர பிள்ளையைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ' என்கிறார். அதை 'ஃபைண்ட் மை சன்' என்றே எழுத வேண்டும். 'ஃபைண்ட் அவுட் அபவுட் மை சன்' என்று எழுதினால், தகவல் மட்டும் தந்தாலே கோரிக்கை நிறைவேறியதாகிவிடும். அவர் கேட்டது பிள்ளையை. 'என்ன நடந்தது என்று சொல்லுங்கோ' என்று அவரே கேட்டால் மட்டும் 'ஃபைண்ட் அவுட் வட் ஹப்பன்ட்'. இரண்டையும் கேட்டால் இரண்டு தனி வாக்கியமாக எழுதுங்கள், ஒன்றாக அடக்க வேண்டாம்.

உத்தியோக ஆங்கிலத்தில் இதற்கு நிலைத்த தொடர் 'ஃபேற் அண்ட் வெயரபவுட்ஸ்'. முதலாவது என்ன நடந்தது, இரண்டாவது எங்கே இருக்கிறார். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு எழுதும்போதும் இந்தத் தொடரைப் பயன்படுத்துவது நல்லது. 'ட்ரேஸ்' என்ற வினையும் வரும். செஞ்சிலுவைச் சங்கம் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிற சொல் அது. ஒரு தடத்தைப் பிடித்துப் பின்தொடர்ந்து போதல் என்பதால், கடைசியாகக் கண்ட இடம், நாள், உடனிருந்தவர் விவரம் உள்ள கடிதத்தில் 'ட்ரேஸ்' பொருந்தும். அவை ஒன்றும் இல்லாத கடிதத்தில் வெறுமையாக நிற்கும்.

'மிஸ்ஸிங்' என்று மட்டும் எழுதுவதையும் யோசித்துச் செய்யுங்கள். காணாமல் போனவர் வேறு, காணாமல் ஆக்கப்பட்டவர் வேறு. பின்னதற்கு 'ஃபோர்சிப்லி டிஸப்பியர்ட்'. குடும்பம் எந்தச் சொல்லைச் சொல்கிறதோ அதையே எழுதுங்கள். எழுதுகிறவர் மென்மைப்படுத்த உரிமை இல்லை.

துணுக்காய் | பெப்ரவரி 21
மேலே உள்ளதை வாசித்தபின் வகுப்புக்கான வாக்கியங்களில் 'லொஸ்ட் சைல்ட்', 'மிஸ்ஸிங் பிரதர்' போன்றவற்றைத் தவிருங்கள் என்றும் சேர்க்கிறேன். எந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது. திறப்பு, ஆடு, மண்வெட்டி, சைக்கிள் பம்ப் போதும்.

வவுனிக்குளம் | பெப்ரவரி 26
சட்டப் பக்கம். நீதிமன்றம் 'ஃபைண்ட்' பண்ணினால் அது தீர்மானம். 'ஹீ வாஸ் ஃபவுண்ட் கில்ட்டி' என்பதைக் குற்றவாளியாகக் காணப்பட்டார் என்கிறோம், ஆங்கிலத்தின் அச்சு அப்படியே தமிழுக்குள் வந்து நிலைத்துவிட்டது. உரிமை வழக்கில் 'ஃபவுண்ட் ஃபோர்' என்றால் அந்தத் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பு, 'ஃபவுண்ட் அகெய்ன்ஸ்ட்' என்றால் பாதகமாக. காணி வழக்குக் கடிதத்தில் 'த கோர்ட் ஃபவுண்ட் ஃபோர் த ப்ளெயின்டிஃப்' என்று இருந்தால், வழக்காளி வென்றார் என்று அர்த்தம். வழக்காளிக்காக எதையோ தேடி எடுத்ததாக விளங்கி, வென்ற பக்கம் தோற்றதாக நினைத்துக்கொள்வதும் நடக்கும். 'ஃபைண்டிங்ஸ்' என்று பன்மையில் வந்தால், விசாரணையின் முடிவில் ஏற்றுக்கொண்ட உண்மைகள்.

ஆய்வுகூட அறிக்கையில் 'நொட் டிடெக்டட்' என்று வரும். கிணற்றுத் தண்ணீர் சோதனை செய்து வாங்குகிறவர்கள் அதை 'இல்லை' என்று வாசிக்கிறார்கள். கருவி உணரக்கூடிய மிகச் சிறிய அளவுக்குக் கீழே என்பதுதான் அதன் பொருள். அந்த எல்லை எவ்வளவு என்று அறிக்கையிலேயே போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள்.

பளை | பெப்ரவரி 26
தண்ணீர் என்றதும் ஞாபகம் வந்தது. கிணறு வெட்டும்போது 'இருபத்தைந்து அடியில தண்ணி கண்டது' என்கிறோம். 'வீ ஃபவுண்ட் வோட்டர் அட் ட்வென்டி ஃபைவ் ஃபீட்' சரி. துளைக்கிறவர்கள் 'ஸ்ட்ரக் வோட்டர்' என்பார்கள். வன்னியின் பெரும்பகுதி கருங்கல் நிலம். தண்ணீர் உக்கிய பாறையிலும் வெடிப்பிலும்தான் நிற்கும், அதனால் 'ஹிட் ரொக்' என்பது அதைவிட அடிக்கடி வரும்.

மல்லாவி ரீச்சர் | மார்ச் 2
'இஸ் ஃபவுண்ட் இன்' விடுபட்டுப் போயிற்று. விஞ்ஞான பாடத்துக்கு இதுதான் முக்கியம். 'பாலை, வீரை, முதிரை வன்னிக் காடுகளில் காணப்படுகின்றன.' நேருக்கு நேர்: 'ஆர் ஃபவுண்ட் இன் த ஃபொரெஸ்ட்ஸ் ஒஃப் த வன்னி.' இங்கே யாரும் தேடவும் இல்லை, எடுக்கவும் இல்லை, இருக்கின்றன என்பதே கருத்து. 'காணப்படு' என்று தமிழில் வந்தால் துணிந்து இதைப் போடலாம். தவறு வருகிற இடம் வடிவத்தில்: 'ஆர் ஃபைண்ட்' என்று எழுதுவார்கள்.

வவுனிக்குளம் | மார்ச் 2
வடிவம் என்றால் இதையும் சேர்க்க வேண்டும். 'ஃபவுண்ட்' தானே இன்னொரு தனி வினை: நிறுவுதல். அதன் இறந்தகாலம் 'ஃபவுண்டட்'. பாடசாலை ஆண்டு மலர்களில் 'அவர் ஸ்கூல் வாஸ் ஃபவுண்ட் இன் 1950' என்று அச்சாகிவிடுகிறது. தொலைந்த பாடசாலை 1950இல் திரும்பக் கிடைத்தது என்று அர்த்தம். அச்சுக்குப் போக முன் அந்த ஒரு வரியைப் பாருங்கள்.

சொல்வதெழுதலில் 'ஃபைண்ட்', 'ஃபைன்ட்' இரண்டும் ஒரே ஒலி. இரண்டாவது தண்டப்பணம் விதித்தல். 'ஹீ வாஸ் …' என்று தொடங்கி ரூபாய்த் தொகை வந்தால் 'ஃபைன்ட்'. 'வாஸ்'ஸுக்குப் பின்னால் 'ஃபைண்ட்' ஒருபோதும் வராது, 'ஃபவுண்ட்'தான் வரும். இந்த ஒரு சோதனை போதும்.

கொக்காவில் | மார்ச் 9
எல்லாவற்றையும் தாளில் எடுத்துவிட்டேன். நேர்முகத் தேர்வுக்குப் போகிற பெடியள் கேட்கிற கேள்வி இன்னொன்று: 'ஹவ் டிட் யூ ஃபைண்ட் த கோர்ஸ்?' என்று கேட்டால் என்ன சொல்வது?

நெடுங்கேணி | மார்ச் 9
பெரும்பாலும் பாடநெறி எப்படி இருந்தது, பிடித்ததா என்று கேட்கிறார்கள். 'ஐ ஃபவுண்ட் இட் யூஸ்ஃபுல்' என்று தொடங்கி, என்ன கற்றோம் என்று இரண்டு வரி சொல்லலாம். அதே அச்சில் 'ஹவ் டிட் யூ ஃபைண்ட் அஸ்?' என்று கேட்டால், எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள் என்று அர்த்தம். அதற்கு விளம்பரம், முகநூல், தெரிந்தவர் சொன்னது என்று பதில். முடிவிலுள்ள சொல்லைக் கேட்டபின் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். அனுபவித்த ஒன்று என்றால் கருத்துக் கேட்கிறார்கள், இடமோ நிறுவனமோ என்றால் வழி கேட்கிறார்கள். 'ஹவ் டிட் யூ ஃபைண்ட் த பிளேஸ்?' மட்டும் இரண்டாகவும் இருக்கலாம். அங்கே 'டு யூ மீன் ஹவ் ஐ கொட் ஹியர்?' என்று திருப்பிக் கேட்பது நேர்முகத்தில் குறையே அல்ல.